அமேசிங் ஃபேன்டஸி 15: பென் மாமா அந்த வசனத்தைச் சொல்லவே இல்லையே, பக்கம் குறைகிறதா?

ஒற்றைப்பின் (கேள்வி):

ஸ்பைடர்மேன் முதன்முதலில் வந்த காமிக்ஸான அமேசிங் ஃபேன்டஸி 15ஆம் இதழ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1962 அசல் என்கிறார்கள். கிரேடிங் (தரம் பார்த்து எண் கொடுப்பது) ஆகாத பிரதி, சாதாரண உறையில் இருக்கிறது. எல்லாப் பக்கங்களின் படங்களும் அனுப்பியிருக்கிறார்கள், நேரில் எடுத்துப் புரட்டியும் பார்க்கலாமாம்.

சந்தேகம் இதுதான். ஸ்பைடர்மேன் கதையை இரண்டு முறை படித்தாயிற்று. சக்தி வந்தால் பொறுப்பும் வரும் என்று பென் மாமா பீட்டரிடம் சொல்லும் இடம் எங்கேயுமே இல்லை. கதையும் 11 பக்கத்தில் முடிந்துவிடுகிறது. நடுவில் ஒரு தாள் போயிருக்குமா? அப்படியே பக்கம் சரியாக இருந்தாலும், இது 1962இல் அச்சானதுதான், பின்னால் வந்த மறுபதிப்பு இல்லை என்று கையில் வைத்துக்கொண்டு எப்படி உறுதி செய்வது? அட்டையில் 12 சென்ட் என்றுதான் இருக்கிறது.

கட்டம்கட்டமாக:

கதையில் எதுவும் குறையவில்லை. அந்த இதழில் பென் அந்த வசனத்தைச் சொல்வதே கிடையாது. கடைசிப் பக்கத்தின் கடைசி பேனலைப் பாருங்கள். நிலா வெளிச்சத்தில் பீட்டர் தனியாக நடந்து போகிறான், மேலே கேப்ஷன் பெட்டி. ஒல்லியான, பேசாத ஓர் உருவம் இருளுக்குள் கரைகிறது, இந்த உலகில் பெரும் சக்தியோடு பெரும் பொறுப்பும் வந்தாக வேண்டும் என்பதை ஒருவழியாக உணர்ந்துகொண்டு. பேச்சு பலூன் கிடையாது, பேசுபவரைக் காட்டும் வால் கிடையாது. கதைசொல்லியின் குரல் அது.

பென் மொத்தமே சில பேனல்களில்தான் வருகிறார். ஆரம்பத்தில், பையனை ரொம்பக் கொழுக்க வைக்காதே, இப்போதே அவனோடு மல்லுக்கட்ட முடியவில்லை என்று மே அத்தையிடம் கிண்டலாகச் சொல்வார். அவர் சாவதையும் நாம் பார்ப்பதில்லை. வீட்டு வாசலில் நிற்கும் போலீஸ்காரர் சொல்லித்தான் பீட்டருக்கே தெரிகிறது. அந்த வாக்கியத்தை பென் வாயில் வைத்தது பின்னால் வந்த கதைகள். 1987இல் ஸ்பைடர்மேனும் வுல்வரினும் மோதும் தனி இதழ் ஓர் உதாரணம். 2002 ஸ்பைடர்மேன் திரைப்படத்துக்குப் பிறகு எல்லோருக்கும் அது அவர் வசனமாகவே ஆகிவிட்டது.

படம் மாற்றிய இன்னொன்றையும் கவனியுங்கள். படத்தில் மல்யுத்தம் நடத்துபவன் பீட்டரை ஏமாற்றுகிறான், அந்தக் கோபத்தில்தான் பீட்டர், பின்னால் பென்னைக் கொல்லப்போகும் திருடனை ஓட விடுகிறான். இதழில் அந்தச் சாக்கு கிடையாது. கிரஷர் ஹோகனோடு மூன்று நிமிடம் தாக்குப் பிடித்தால் 100 டாலர் என்கிறார்கள், பீட்டருக்கு அந்தப் பணம் ஒழுங்காகக் கிடைத்துவிடுகிறது. திருடன் ஓடிவருவது அதற்கப்புறம், டிவி ஸ்டுடியோ நடைபாதையில். ஏன் பிடிக்கவில்லை என்று கேட்கிற போலீஸ்காரரிடம் அது உன் வேலை, இனிமேல் நான் என்னை மட்டும்தான் பார்த்துக்கொள்வேன் என்கிறான் பீட்டர். அவனுக்கு யாரும் அநியாயம் செய்யாத நேரத்தில் செய்த தப்பு அது. கடைசிக் கேப்ஷன் அவ்வளவு கனமாக விழுவதற்குக் காரணம் இதுதான், எந்த மறுஆக்கமும் இதைத் தொட்டதாகத் தோன்றவில்லை.

2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிம்பிள் எதிர் மார்வெல் வழக்கில் இந்த வாக்கியத்தை மேற்கோள் காட்டியது. வழக்கு வலை பீய்ச்சும் பொம்மையின் காப்புரிமை பற்றியது. நீதிபதி எலினா கேகன் பென் பெயரைச் சொல்லவில்லை. இதழையும், எழுதிய ஸ்டான் லீ, வரைந்த ஸ்டீவ் டிட்கோ பெயர்களையும் போட்டு, பக்கம் 13 என்று எழுதியிருக்கிறார். கதைக்குள் பக்க எண் 11தான். அந்த 13ஐப் பார்த்து இரண்டு பக்கம் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம்.

ஆனாலும் பக்கத்தை எண்ணாமல் பணம் கொடுக்காதீர்கள். எட்டுப் பெரிய தாள்களை நடுவில் மடித்து இரண்டு பின் அடித்ததுதான் உள்புறம். விரலால் எண்ணினால் 16 தாள், 32 பக்கம், அட்டை தனி. அதில் படக்கதை 24 பக்கம். ஸ்பைடர்மேன் 11, மணியடிப்பவன் கதை 3, மம்மிப் பெட்டிக் கதை 5, செவ்வாய்வாசிகள் கதை 5. மிச்சம் விளம்பரமும் எழுத்துப் பக்கங்களும். பழைய இதழ்களில் முதலில் கழன்று போவது நடுத்தாள், அதாவது 15 முதல் 18 வரையிலான பக்கங்கள். ஸ்பைடர்மேன் கதை அதற்கு முன்பே முடிந்துவிடுவதால் அதை மட்டும் படித்துப் பார்த்தால் நடுத்தாள் இல்லாதது தெரியவே தெரியாது. மம்மியையும் செவ்வாய்வாசிகளையும் தொடர்ச்சி விடாமல் படியுங்கள்.

ஒரு தாள் மட்டும் கிழிந்து போயிருந்தால் அதன் ஜோடி காட்டிக் கொடுக்கும். முன்னாலிருந்து ஆறாவது தாள் இல்லையென்றால் பின்னாலிருந்து ஆறாவது தாள் பிடிப்பில்லாமல் ஆடும், அல்லது யாராவது அதை ஒட்டி வைத்திருப்பார்கள். பசைக் கோடு தெரிகிறதா என்று மடிப்போரம் பாருங்கள்.

பத்துமடங்கு:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 12 சென்ட் என்று அச்சாகியிருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அசலைப் போலவே அச்சிட்ட பதிப்புகள் உண்டு, பழைய விளம்பரங்கள் முதற்கொண்டு. 1992 மைல்ஸ்டோன் பதிப்பில் அட்டையைச் சுற்றி வெள்ளி நிறச் சட்டம் இருக்கும், அதைக் கண்டுபிடிப்பது எளிது. 2019இல் வந்த நகல் பதிப்பில் புதிய விலை இருக்கும். பார்கோடு எங்கேயாவது இருந்தால் அத்தோடு விஷயம் முடிந்தது, 1962இல் காமிக்ஸுக்குப் பார்கோடு கிடையாது. காமிக்ஸ் கோட் (அந்தக் கால அமெரிக்க காமிக்ஸ் தணிக்கை) முத்திரை நகலிலும் வரும், அது சாட்சியாகாது.

1964 மார்வெல் டேல்ஸ் ஆண்டு மலரிலும் 1982இல் மார்வெல் டேல்ஸ் 137இலும் இந்தக் கதை மறுபடி வந்தது. அவற்றின் அட்டை வேறு, எனவே முழுப் பிரதியில் குழப்பம் வராது. உள்பக்கங்களை மட்டும் உருவி வேறு அட்டையோடு சேர்த்தால்தான் சிக்கல். விலை 9 பென்ஸ் என்றிருக்கும் பிரதி கிடைத்தால் போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிரிட்டனுக்காக அதே சமயத்தில் அச்சான அசல் அது.

கையில் எடுத்ததும் முதலில் அகலத்தை அளந்து பாருங்கள். அறுபதுகளின் தொடக்கத்து இதழ் 7 அங்குலத்தை ஒட்டியோ கொஞ்சம் கூடவோ இருக்கும். இன்றைய அச்சு ஏறக்குறைய ஆறரை அங்குலம்தான். உயரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, அதனால் அகலம்தான் உதவும்.

அடுத்தது தாள். உள்ளே இருப்பது செய்தித்தாள் ரகம், மரக்கூழில் லிக்னின் நீக்காமல் செய்தது. அறுபது வருஷத்தில் அது வெள்ளையாகவே இருக்க வாய்ப்பு குறைவு. நல்ல பிரதியில் லேசான பால் நிறம், ஓரத்தில் கொஞ்சம் பழுப்பு, நடுவை நோக்கிப் போகப்போக வெளிறும். எல்லா இடத்திலும் ஒரே சீரான பழுப்பு என்றால் தேநீரில் நனைத்த வேலையாக இருக்கலாம், அல்லது பழுப்பையே அச்சில் சேர்த்த நகலாக இருக்கலாம். பின்பக்கத்து மை முன்பக்கத்தில் நிழலாகத் தெரிய வேண்டும்.

பிறகு பத்து மடங்கு லென்ஸ். பீட்டரின் முகத்தையோ வானத்தையோ பாருங்கள். வெளிர் நிறங்கள் தனித்தனிப் புள்ளிகளாக இருக்கும், தாள் மையை உறிஞ்சியதால் புள்ளியின் விளிம்பு கொஞ்சம் பிசிறடிக்கும், நிறங்கள் கோட்டைத் தாண்டி அரை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். கறுப்புக் கோடு தனி மையால் அழுத்தமாக இருக்கும். ஸ்கேன் செய்து மறுபடி அச்சிட்டால் அந்தக் கறுப்புக் கோட்டுக்குள்ளேயே நீலம், சிவப்பு, மஞ்சள் துகள்கள் கலந்து தெரியும். இந்த ஒரு சோதனையில் பெரும்பாலான நகல்கள் விழுந்துவிடும்.

கடைசியாகப் பொடி எழுத்தில் உள்ள பதிப்பு விவரம். வருஷம் 1962 என்று மட்டும் இருக்க வேண்டும். பிற்கால வருஷம் ஒன்று கூடவே இருந்தால் அது மறுபதிப்பு.

செம்மைப்படி:

மேலே எழுதியதில் ஒரு சின்னத் திருத்தம், பிறகு என் பங்கு.

திருத்தம்: தலைப்பில் பென் மாமா. தமிழில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், தப்பு. பீட்டர் பார்க்கர், பென் பார்க்கர், ஒரே குடும்பப் பெயர். அவர் அப்பாவின் அண்ணன், அப்படியானால் பெரியப்பா. மே அத்தையும் உண்மையில் பெரியம்மாதான். ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்று. நமக்கு முறை மாறினால் குடும்பமே மாறிப்போகும்.

இப்போது வாக்கியம். பொதுவாகப் புழங்கும் வடிவத்தில், பெரும் சக்தியோடு பெரும் பொறுப்பு வருகிறது. தானாக வந்து ஒட்டிக்கொள்வது மாதிரி. 1962 கேப்ஷனில் இருப்பது அதுவல்ல. வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இருக்கிறது, கூடவே என்ற சொல்லும் இருக்கிறது. கதையைப் பாருங்கள். சிலந்தி கடித்த அன்றே சக்தி வந்துவிடுகிறது, பொறுப்பு வரவில்லை. வராததால்தான் பெரியப்பா சாகிறார். வரும் என்று மொழிபெயர்த்தால் கதையே பொய்யாகிவிடுகிறது.

தமிழில் இன்னொரு சங்கடம். மூலத்தில் பெரும் பொறுப்பு என்பது கடைசிச் சொல், அதற்கு முன் ஒரு நீண்ட கோடு, பின்னால் ஆச்சரியக்குறி. நம் வாக்கியம் வினையில் போய் முடியும், அழுத்தம் வேண்டும் என்ற சொல்லில் விழும், பொறுப்பில் விழாது. தலைகீழாக்கினால் சரியாகும்: பெரும் சக்தி வரும்போது கூடவே வந்தாக வேண்டும், பெரும் பொறுப்பு! பெட்டிக்குள்ளும் அடங்கும். அதிகாரம் என்று போடக் கூடாது, அது பதவிக்காரர்களின் சொல். ஆற்றல் என்றால் சுவரேறும் திறமை மட்டும்தான். சக்தி என்றால் இரண்டையும் தாங்கும்.

கருத்து லீயின் சொந்தச் சரக்கு அல்ல என்பதையும் சொல்லிவிடலாம். 1906இலேயே சர்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், பெரும் அதிகாரம் எங்கேயோ அங்கே பெரும் பொறுப்பு என்ற பொருளில் பேசியிருக்கிறார். அது ஆட்சி பற்றிய பேச்சு, அதனால் அங்கே அதிகாரம்தான் பொருந்தும். பள்ளிக்கூடப் பையன் ஒருவனின் குற்ற உணர்ச்சிக்கு மேல் அதைக் கொண்டுவந்து வைத்ததுதான் இந்த இதழின் வேலை.

ஒற்றைப்பின்:

பெரியப்பா, ஒப்புக்கொள்கிறேன். தலைப்பை இனி மாற்ற முடியாது.

16 தாள் இருக்கிறது, நடுத்தாளும் இருக்கிறது, அகலம் 7 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. கறுப்புக் கோட்டில் வேறு நிறம் இல்லை. ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது. அட்டையின் வலது ஓரத்தில் எலி கொறித்த மாதிரி சின்னச் சின்ன முக்கோண வெட்டுகள். முதுகு மடிப்பில் கறுப்பு மட்டும் மற்ற இடத்தைவிடப் பளபளப்பாக இருக்கிறது. விற்பவர் பிரெஸ்ஸிங் மட்டும் செய்ததாகச் சொல்கிறார்.

பழையதாள்:

முதல் விஷயத்தை விடுங்கள். அதற்குப் பெயரே மார்வெல் சிப்பிங். ஐம்பதுகளின் கடைசி, அறுபதுகளின் ஆரம்பத்து மார்வெல் இதழ்களை அச்சகத்தில் ஓரம் வெட்டும்போது மழுங்கிய கத்தியால் வெட்டியிருக்கிறார்கள். தாள் அறுபடாமல் நசுங்கிப் பிய்ந்தது, பிய்ந்த இடங்கள் பின்னால் உதிர்ந்தன. இந்த இதழில் அது சகஜம். கிரேடு குறையும், ஆனால் அசல் என்பதற்கு அது பாதகமில்லை. வலது ஓரம் கண்ணாடி மாதிரி நேராக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். உதிர்ந்த ஓரத்தை மறைக்க யாரோ ஒரு மில்லிமீட்டர் வெட்டியிருக்கலாம். வெட்டிய பிரதியில் ஓரத்துத் தாள் மற்ற இடத்தைவிடப் புதிதாக, வெளிறியதாகத் தெரியும், அட்டையும் உள்தாளும் ஒரே கோட்டில் நிற்கும்.

இரண்டாவதுதான் விவகாரம். பளபளக்கும் கறுப்பு பெரும்பாலும் நிறம் தொட்டது, அதாவது தேய்ந்த இடத்தை மறைக்கப் பின்னால் யாரோ பூசியது. அட்டையைத் திறந்து உள்பக்கத்து வெள்ளையை, அதே இடத்தில், பாருங்கள். மார்க்கர் என்றால் மை இறங்கியிருக்கும், வருஷம் போகப்போகச் சுற்றிலும் ஊதா வளையம் வரும். தேர்ந்த ஆள் அக்ரிலிக்கோ வாட்டர்கலரோ வைத்திருந்தால் இறங்காது. அதற்கு இருட்டறையில் 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு. அசல் மையும் பின்னால் தொட்ட மையும் ஒரே மாதிரி ஒளிர்வதில்லை, திட்டுத்திட்டாகப் பிரிந்து தெரியும். உதிர்ந்த இடத்தில் புதுத்தாள் கூழ் நிரப்பியிருந்தால் அது நீல வெள்ளையாகப் பளிச்சென்று அடிக்கலாம், இன்றைய தாள்களில் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்ப்பதால்.

பின்களையும் பாருங்கள். அட்டையில் உள்ள ஓட்டையும் நடுத்தாளில் உள்ள ஓட்டையும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும். ஒரு பின்னுக்கு நான்கு ஓட்டை இருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். கழற்றியதற்குக் காரணம் இருக்கும். கழுவியிருப்பார்கள், அல்லது வேறு பிரதியின் தாளைச் சேர்த்திருப்பார்கள். பின்னில் துரு இல்லாமல், ஆனால் சுற்றியுள்ள தாளில் துருக் கறை இருந்தால் புதுப் பின்.

பிரெஸ்ஸிங் என்பது ஈரப்பதமும் சூடும் அழுத்தமும் கொடுத்து மடிப்பு நிமிர்த்துவது. அதை ரீஸ்டோரேஷனாக (பழுது திருத்தமாக) கணக்கிடுவதில்லை. நிறம் தொட்டால் கணக்கு. தரம் பார்க்கும் நிறுவனமான சிஜிசியில் சாதாரணப் பிரதிக்கான நீல லேபிள் வராது, பழுது திருத்தியதற்கான ஊதா லேபிள்தான். ஒரே தோற்றமுள்ள இரண்டு பிரதிகளுக்கு நடுவே அந்த லேபிள் நிறம் பெரிய விலை வித்தியாசம் உண்டாக்கும். மேல் முனையில் இந்த இதழ் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள ஓர் எண்: பத்துக்கு 9.6 கிரேடு வாங்கிய பிரதி ஒன்று 2021 செப்டம்பரில் 36 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த உயரத்திலிருந்து கீழே எல்லாப் படியிலும் ஏமாற்ற ஆள் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பவரிடம் பிரெஸ்ஸிங் தவிர வேறு எதுவும் செய்யவில்லை என்று எழுத்தில் வாங்குங்கள், கிரேடிங்கில் ஊதா வந்தால் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் சேர்த்து. எழுதித் தர மறுத்தால் அதுவே பதில்.

கட்டம்கட்டமாக:

அந்தப் பிரதியில் ரசிகர் பக்கம் இருக்கிறதா? அதைக் கொஞ்சம் படியுங்கள். பதிப்பாளர் மார்ட்டின் குட்மேனுக்குச் சிலந்தி பிடிக்கவில்லை, எப்படியும் நிற்கப்போகிற இதழ்தானே என்று கடைசி இதழில் ஸ்பைடர்மேனைத் திணித்தேன் என்று லீ பல வருஷம் சொல்லி வந்தார். அதே இதழின் ரசிகர் பக்கமோ, இந்தப் பாத்திரம் மாதந்தோறும் வரும், கடிதம் எழுதினால் கதையை இன்னும் நீட்டுவோம், இரண்டு கதைகூடப் போடுவோம் என்கிறது. கடைசி இதழ் என்று தெரிந்தவர்கள் எழுதுகிற எழுத்தா அது? 16ஆம் இதழ் வரவில்லை, 1963 மார்ச் என்று தேதியிட்டு ஸ்பைடர்மேன் பெயரிலேயே தனி இதழ் வந்தது.

அட்டையை வரைந்தது ஜாக் கிர்பி, மை போட்டது டிட்கோ. டிட்கோ முதலில் வரைந்த அட்டையை எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே முழுக்க டிட்கோ. அந்த இதழின் 24 மூல ஓவியப் பக்கங்களும் இப்போது அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கின்றன, 2008இல் பெயர் சொல்லாத ஒருவர் கொடுத்தது. ஆகையால் மூல ஓவியம் ஒரு பக்கம் இருக்கிறது என்று யாராவது வந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ஒற்றைப்பின்:

உள்பக்கத்தில் ஊதா வளையம் இருக்கிறது, மேல் பின்னுக்குப் பக்கத்தில், அரை அங்குல நீளம். விலை குறைத்தால் படிக்க மட்டும் வாங்கிக்கொள்ளலாமா? அந்த மையை எடுக்க முடியுமா? வைத்துக்கொள்ள என்ன உறை?

பழையதாள்:

ஊதா லேபிள் விலை என்று நினைத்துப் பேசுங்கள், அதற்கு மேல் ஒரு காசு வேண்டாம். மையை எடுக்க நீங்கள் முயற்சி செய்யாதீர்கள். ஆல்கஹால் பட்டால் மார்க்கர் மை கரைந்து இன்னும் பரவும், கூடவே அட்டையின் அசல் நிறமும் போகலாம். தாள் பாதுகாப்பு வேலை தெரிந்தவர் செய்தாலும் முழுக்கப் போகும் என்று உறுதி இல்லை.

உறைக்கு 4 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள பாலியெஸ்டர், மைலார் என்று கேட்டால் கொடுப்பார்கள். பிவிசி வேண்டவே வேண்டாம், அமிலம் விடும், அட்டையில் ஒட்டிக்கொள்ளும். பாலிபுரொப்பிலீன் பரவாயில்லை, ஆனால் அலையடித்து மஞ்சளாகும் முன் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அளவு சில்வர் ஏஜ் என்று கேளுங்கள், அறுபதுகளின் இதழ்களுக்கான அளவு அது. இன்றைய காமிக்ஸுக்கான உறை அகலம் போதாது, திணித்தால் மிச்சமிருக்கும் வலது ஓரமும் உதிரும். பின்னால் வைக்கும் பலகை முழுதும் அமிலம் நீக்கி, 3 சதவீதம் கால்சியம் கார்பனேட் சேர்த்ததாக இருக்கட்டும். மேற்பரப்பில் மட்டும் பூசியவை சீக்கிரம் தீர்ந்துவிடும்.

நிமிர்த்தி வையுங்கள், சாயாத அளவுக்கு நெருக்கமாக. 20 டிகிரி செல்சியஸ் ஒட்டி, ஈரப்பதம் 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில். சரியான எண்ணைவிட அது தினமும் ஏறி இறங்காமல் இருப்பது முக்கியம், பின் துருப்பிடிப்பது அந்த ஏற்ற இறக்கத்தில்தான். உறையின் மூடியில் செலோடேப் ஒட்டுவதாக இருந்தால் இதழை வெளியே எடுக்கும்போது டேப்பை முதலில் முழுக்கக் கிழித்துப் போட்டுவிடுங்கள். தொங்கும் டேப் அட்டையைப் பிடித்து இழுத்துத்தான் நல்ல பிரதிகள் பாதி கெட்டுப்போகின்றன.